குல்மார்க்கில் நாளை பனி எப்படி இருக்கும்?

ஜனவரியில் காஷ்மீர் போகிறவர்கள் கைபேசியில் வானிலையைப் பார்ப்பார்கள். "குல்மார்க், மைனஸ் 2 டிகிரி, பனிப்பொழிவு" என்று வரும். சரி, இந்த மைனஸ் 2 மலையில் எந்த இடத்துக்கு?

கொண்டோலா கேபிள் கார் கிளம்பும் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் கட்டம் நம்மை கொங்டூரியில் இறக்கிவிடும்; அது 3,100 மீட்டர் அளவில். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைமுகடு வரை, ஏறக்குறைய 3,950 மீட்டருக்குப் போகிறது. ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். கீழே மைனஸ் 2 என்றால் மேலே மைனஸ் 10. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால், திறந்திருக்கும் முகத்துக்கு அது மைனஸ் 20 போலத்தான் இருக்கும்.

கைபேசிச் செயலிக்கு இதெல்லாம் தெரிவதில்லை. வானிலைக் கணினி மாதிரிகள் உலகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரிக்குக் கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீட்டர். 2025இல் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்புக்கு 6 கிலோமீட்டர். கொண்டோலா ஏறும் தூரம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சதுரக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குள் முகடும் பள்ளமும் கரைந்து, ஒரு சராசரி உயரம் மட்டுமே மிஞ்சும். அந்த உயரத்துக்கான வெப்பநிலையைத்தான் பல செயலிகள் "குல்மார்க்" என்று காட்டுகின்றன.

அதனால் மலைக்குப் போகிறவர் முதலில் தேட வேண்டிய எண் வெப்பநிலை அல்ல, உறைநிலை மட்டம். காற்று எந்த உயரத்தில் 0 டிகிரியைத் தொடுகிறது என்று அது சொல்லும். அதற்கு மேலே உருவாகும் பனி, விழ விழ உருகி மழையாவதற்குக் கொஞ்ச தூரம் எடுத்துக்கொள்ளும். எனவே பனி பொதுவாக உறைநிலை மட்டத்துக்கு 200, 300 மீட்டர் கீழே வரை தரையைத் தொடும். மட்டம் 3,300 மீட்டர் என்றால் அஃபர்வாட்டில் நல்ல பனி, கொங்டூரியில் ஈரப்பனி, கீழே ஹோட்டல் வாசலில் மழை. இதிலும் ஒரு குறும்பு உண்டு. உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், பொழிவு கனத்து, காற்றும் அதிகம் அசையாமல் இருந்தால் மழை-பனி எல்லையே கீழே இறங்கிவிடும். மாலையில் மழை பெய்த இடத்தில் இரவில் பனி கொட்டுவதற்கு இது ஒரு காரணம்.

காஷ்மீருக்குக் குளிர்காலப் பொழிவைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, வெகு உயரத்தில் வேகமாக வீசும் மேற்கத்திய ஜெட் காற்றோடு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து, குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதும். வருவதைப் பல நாள் முன்னமே செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடலாம். ஆனால் எந்த மலையில் எவ்வளவு பொழியும் என்பது கடைசி இரண்டு மூன்று நாளில்தான் ஓரளவு தெளிவாகும். பத்து நாள் தள்ளி "15 செ.மீ. பனி" என்று ஒரு செயலி சொன்னால் நான் அதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க மாட்டேன்.

ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கை சொல்லும் விதம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். சென்னையிலிருந்து "ஓரிரு இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்" என்று கேட்கிறோமே, அதே அளவுகோல். முதலாவது, அந்தப் பகுதியின் கண்காணிப்பு நிலையங்களில் 25 சதவீதம் வரை. இரண்டாவது, 75 சதவீதத்துக்கு மேல். எத்தனை இடங்கள் என்பதை அது சொல்லும், எவ்வளவு கனமாக என்பதைச் சொல்லாது.

அளவுக்கு வருவோம். 10 மில்லிமீட்டர் தண்ணீர் பனியாக விழுந்தால் தோராயமாக 10 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். கடுங்குளிரில் இதழ் இதழாக விழுந்தால் 15, 20 சென்டிமீட்டர் கூட வரும். 0 டிகிரியை ஒட்டி விழுந்தால் 6, 7 தான். பனிச்சறுக்கு ஆடுபவர்கள் 'பவுடர்' என்று கொண்டாடுவது அந்தக் கடுங்குளிர் வகையை. அளக்கும் முறை எளிது: ஒரு வெள்ளைப் பலகையை வைத்து, அதன் மேல் சேர்ந்ததை அளவுகோலால் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுவார்கள். துடைக்காத இடத்தில் நேற்றைய பனியும் சேர்ந்து நிற்கும். அது மொத்த ஆழம், வேறு கணக்கு. புதுப்பனி உருகாமலேயே ஓரிரு நாளில் அமுங்கி உயரம் குறையும் என்பதால், நேற்று 40 விழுந்தது, இன்று 30 தானே இருக்கிறது என்று சண்டை போட வேண்டியதில்லை.

அப்புறம், பலரைக் குழப்பும் ஒரு விஷயம். பனி நின்று, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். ஆனால் இரண்டாம் கட்ட கொண்டோலா மூடியிருக்கும். ஏன்?

முதல் காரணம், காற்று. முகட்டில் தூண்களுக்கிடையே தொங்கும் பெட்டிகளை ஆட்டும் அளவுக்கு அடித்தால் ஓட்ட முடியாது. காற்று இன்னொன்றும் செய்யும். மேற்கிலிருந்து வீசும்போது முகட்டின் அந்தப் பக்கத்துப் பனியை வாரி இந்தப் பக்கம் கொட்டும். அஃபர்வாட்டில் சறுக்கும் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கே பார்த்தவை. எனவே பனி பெய்யாத நாளிலும் அங்கே பனி ஏறிக்கொண்டே இருக்கலாம், அதுவும் இறுகிய பலகை போன்ற அடுக்காக.

அந்தப் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் இரண்டாவது, பெரிய காரணம். டிசம்பரில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு பல வாரம் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருக்கிறது என்று வையுங்கள். தரை 0 டிகிரியை ஒட்டி இருக்கும், பனியின் மேல்முகம் மைனஸ் 15இல். இந்த வேறுபாட்டால் நீராவி மெல்லிய பனிக்குள் கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். அதன் மேல் ஒரு மீட்டர் புதுப்பனி உட்கார்ந்தால், ஒரே ஒரு சறுக்குபவரின் எடை போதும், பலகை மொத்தமாக விடுபட்டு ஓடும். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. சறுக்க அருமையாக இருக்கும் சாய்வும் அதேதான்.

2024 கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் போனது. ஜனவரியில் பெரும்பாலும் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கனமாகக் கொட்டியது. 22ஆம் தேதி, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தபோது, அவற்றுக்கான தளத்துக்கு வெளியே ஏற்பட்ட பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் உயிரிழந்தார்.

ஆகவே நாளைய முன்னறிவிப்போடு கடந்த ஒரு மாதக் கதையும் வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரிலிருந்து இயங்கும் டிஜிஆர்இ ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. "பாரமுல்லா மாவட்டத்தில் 2,500 மீட்டருக்கு மேல்" என்ற பாணியில் வரும். குல்மார்க் அந்த மாவட்டம்தான். எச்சரிக்கையில் உள்ள உயரத்தை கொங்டூரி, அஃபர்வாட் உயரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் வரும் அபாய அளவு மாவட்டம் முழுமைக்குமானது. கொண்டோலாவை ஒட்டிய எல்லைக்குள் ரோந்துக் குழு சரிவுகளைச் சோதித்து, தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடும். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டினால் அந்த வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.