ஆஸ்திரேலியா ஆன்டிஜென்: கல்லீரலைச் சிதைப்பது எது?

கல்லீரலைத் தாக்கிக் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொடர்பான கண்டுபிடிப்புக்காக 1976இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கர் பரூக் புளும்பெர்க், மஞ்சள் காமாலையைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ரத்தப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் மரபுவழியில் எவ்வாறு மாறுபடுகின்றன என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடை காண, ஒவ்வாமைக்கு அடிப்படையான அதே உடலியல்பை, அதாவது அயல் புரதத்தை அடையாளம் கண்டு அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கும் இயல்பை, அவர் பயன்படுத்திக்கொண்டார்.

அந்த இயல்பு தீங்கும் செய்யும் என்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்திருந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்தாகக் குதிரையின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஊசியாகப் போடப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத் தோல் தடிப்பும் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றின. வியன்னாவில் இதை ஆராய்ந்த மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே, உள்ளே சென்ற சீரத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையே இந்த நோய் என்று விளக்கினார்.

பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடல், பிறருடைய புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்று புளும்பெர்க் கருதினார். அகார் கூழ் பரப்பிய தட்டில் குழிகள் வெட்டி, நடுக்குழியில் அத்தகைய நோயாளியின் சீரத்தையும், சுற்றியுள்ள குழிகளில் உலகின் பல பகுதி மக்களிடம் திரட்டிய சீரத்தையும் இடுவார்கள். இரண்டும் கூழுக்குள் பரவிச் சந்திக்கும் இடத்தில் ஆன்டிபாடியும் அதற்குரிய புரதமும் பிணைந்தால் ஒரு கோடு படியும். 1963இல் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில், ஆய்வாளர் ஹார்வி ஆல்ட்டர் சோதித்த ஹீமோபீலியா (ரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறைபாடு) நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துடன் இப்படிக் கோடு காட்டியது. ஆன்டிபாடியைத் தூண்டும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். எனவே அந்தப் புரதம் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ எனப்பட்டது.

ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் மிக அரிதாகவே தென்பட்ட அந்த ஆன்டிஜென், ரத்தப் புற்றுநோயாளிகளிடமும் பெரிய காப்பகங்களில் வாழ்ந்த டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடமும் அதிகமாக இருந்தது. அது ரத்தப் புற்றுக்கு ஆளாகும் மரபுக்கூறின் அடையாளமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். 1966இல், முன்பு ஆன்டிஜென் இல்லாதிருந்த டவுன் நோய்க்குறி நோயாளி ஒருவரின் ரத்தத்தில் அது புதிதாகத் தோன்றியது. கூடவே கல்லீரல் அழற்சியின் அறிகுறிகளும் தென்பட்டன. பிறப்பிலேயே அமைந்த புரதம் நடுவில் முளைக்காது. அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று.

இத்தனை எளிய கூழ்ச்சோதனையில் ஒரு வைரஸ் சிக்கியதற்கும் காரணம் உண்டு. முழு வைரஸ் துகள் ஒன்றுக்கு ஆயிரம் முதல் லட்சம் வரை, மரபணு இல்லாத வெறும் மேலுறைத் துகள்கள் ரத்தத்தில் கொட்டப்படுகின்றன. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரித்துத் தூய்மையாக்கிய இந்தத் துகள்களால் ஆனதே.

என் பார்வையில் இதைவிடச் சுவையானது, அந்தப் புரதம் ஏன் குறிப்பிட்ட சில நோயாளிகளிடம் தங்கியது என்பதுதான். இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்லை அடையாளம் கண்டு அழிப்பவை பெரும்பாலும் நம்முடைய எதிர்ப்பாற்றலின் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களே. ஆகவே எதிர்ப்பாற்றல் முனைப்பான பெரியவருக்குக் கடும் காமாலை வந்தாலும் வைரஸ் பெரும்பாலும் வெளியேறிவிடும். நாள்பட்ட தொற்றாக நிலைப்பது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளிலோ, தடுப்பூசி இல்லையென்றால், ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நிலைத்துவிடுகிறது. எதிர்ப்பு தளர்ந்த புற்றுநோயாளிகளின் உடலிலும் இதே நிலைதான். முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

சிலருக்கு, காமாலை வெளிப்படுவதற்கு முன், தோல் தடிப்பும் மூட்டுவலியும் வருகின்றன. மேலுறைப் புரதமும் ஆன்டிபாடியும் பிணைந்து ரத்தக் குழாய்களில் படிவதால் உண்டாகும் இந்தத் தொல்லை, இயங்கும் முறையில் குதிரைச் சீரத்தால் வந்த நோயை ஒத்ததே. இதை உணவு ஒவ்வாமை என்று எண்ணி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு வாய்ப்பு மிகுதி.

கடுமையான ஒவ்வாமைக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் வாரக்கணக்கில் உட்கொள்ளும்போது, பழைய தொற்று உள்ளவரின் உடலில் அடங்கியிருந்த வைரஸ் தடையின்றிப் பெருகக்கூடும். மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்பாற்றல் மீண்டு, வைரஸ் நிறைந்த கல்லீரல் செல்களை ஒருசேரத் தாக்குகிறது. சிலருக்கு அது கல்லீரல் செயலிழப்புவரை போகிறது. அத்தகைய சிகிச்சையைத் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் வைரஸை அடக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது இன்றைய மருத்துவ நடைமுறை.