ரியல் டைம் கிளாக்: நிகழ்நேரமா, நாள்நேரமா?

பழைய மேசைக் கணினியை இயக்கியதும் தேதி 1980 ஜனவரி 1 என்று வருகிறது, ஹார்டு டிஸ்க் இருப்பதையே அது மறந்துவிடுகிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டில் உள்ள ‘ரியல் டைம் கிளாக்’ சிப்பை.

இதைத் தமிழில் ‘நிகழ்நேரக் கடிகாரம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிகழ்நேரம் என்றால் ‘நடக்கும்போதே’ என்று பொருள். நேரலை ஒளிபரப்புக்குப் பொருந்தும். இங்கே ‘ரியல் டைம்’ என்பது சுவர்க்கடிகாரமும் நாட்காட்டியும் காட்டும் சாதாரண நேரம்தான். கணினிக்குள் ‘கிளாக்’ என்று இன்னொன்றும் உண்டு: செயலியை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை முடுக்கும் துடிப்பு. அதற்கு மணியும் தெரியாது, தேதியும் தெரியாது. மின்சாரம் போனால் நின்றுவிடும். இரண்டும் குழம்பாமலிருக்கத்தான் முன்னால் ‘ரியல் டைம்’ வந்தது. ஆகவே ‘நாள்நேரக் கடிகாரம்’ என்பதே சரியாகப் படுகிறது. சிப்புக்குச் ‘சில்லு’ என்பது அருமையான சொல். இரு மொழியிலும் உடைந்த சிறு துண்டு என்பதுதான் ஆதி அர்த்தம்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்தச் சில்லு கிடையாது. தேதியை நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் ஐபிஎம் வெளியிட்ட ‘ஏடி’ என்ற கணினியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லு இடம்பிடித்தது. அதில் 64 பைட் நினைவகம். நேரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் 14 போக, மீதி 50இல் கணினியின் அமைப்பு விவரங்கள் இருந்தன. மின்சாரம் இல்லாதபோது இவற்றைக் காப்பது ஒரு மின்கலம். அது தீர்ந்தால் நேரத்தோடு ஹார்டு டிஸ்க்கும் ஏன் மறந்துபோகிறது என்பதற்கு விடை இதுதான்.

பிறகு டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனம் லித்தியம் மின்கலத்தையும், விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகத்தையும் சில்லோடு சேர்த்து ஒரே கட்டியாக அடைத்து டிஎஸ்1287ஐ வெளியிட்டது. (அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.) உள்ளே இருக்கும் மின்கலம் சுமார் பத்து ஆண்டு தாங்கும். அப்புறம் கட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது சுலபமா என்பதை, சில்லைச் செருகும் ‘சாக்கெட்’ தீர்மானிக்கிறது. கலப்பைக் கொழுவைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுவடிவம் இது. முதலில் கொழு வடிவ ஈட்டிமுனையைக் குறித்தது. பிறகு காம்பு நுழையும் குழிக்கும், அப்படியே எதையும் செருகும் துளைக்கும் பெயரானது. தமிழில் ‘பொருத்துவாய்’. ‘வாய்’ என்றதும் உட்குழிவு தானாகவே புரிந்துவிடுகிறது. பொருத்துவாய் இல்லாமல் நேரடியாகப் பற்றவைத்திருந்தால், சில்லின் ஒவ்வொரு உலோகக் காலிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும்.

புழக்கத்தில் இப்படி எழுதலாம்: ‘நாள்நேரச் சில்லை இருமுனையிலும் மாறிமாறி நெம்பி, பொருத்துவாயிலிருந்து எடுங்கள். முதல் காலின் அடையாளம் பார்த்துப் புதியதைச் செருகுங்கள். மின்கலம் வீணாகாமலிருக்க, புதுச் சில்லு துடிப்பு நிறுத்தப்பட்ட நிலையில்தான் வரும். கணினியின் ‘செட்டப்’ அமைப்புத் திரையில் தேதியையும் ஹார்டு டிஸ்க் விவரங்களையும் மறுபடி பதியுங்கள்.’