பி மெமோ ரசீதும் மூன்று சென்ட் வாக்குறுதியும்

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவன் நான். அம்பாசமுத்திரம் பக்கம், நாங்குநேரி பக்கம் என்று பேரூராட்சி பேரூராட்சியாகப் போய் உட்கார்ந்து பதிவேடு புரட்டியதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் வீட்டு நடையில் ஆள் வந்துவிடும். போன தேர்தல் சமயம் வந்தது ஓர் ஆச்சி. கையில் மஞ்சப்பை.

"தம்பி, நீங்க ஆபீஸ்ல கணக்குப் பாத்தவுக. கவுன்சிலருக்கு நிக்குத பையன் எங்க இடத்துக்கே மூணு சென்ட் பட்டா வாங்கித் தாரேங்கான். இதைப் பாத்துச் சொல்லுங்க."

பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. இருபது வருட ரசீதுகள், ஒவ்வொன்றும் நாலாக மடித்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துவிட்டது. இது பட்டாவுக்குச் சமம், பத்திரமாக வைத்துக்கொள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பி மெமோவுக்குக் கட்டிய ரசீது.

பி மெமோ என்றால் 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, 'நீ அரசு இடத்தில் இருக்கிறாய், அதற்கான தீர்வையையும் அபராதத்தையும் கட்டு' என்று கொடுக்கிற தாள். சொத்துக்கு ஆதாரம் என்று நினைத்து ஆச்சி இருபது வருடம் காப்பாற்றியது அபராத ரசீது. அதற்காக அது வெறும் குப்பை என்றும் சொல்ல மாட்டேன். இத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சாட்சிக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது இடம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. வருவாய்த் துறையில் இதற்கு இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. முதல் வகையில் பல வருடம் குடியிருப்பவருக்கு வரன்முறை செய்து பட்டா கொடுக்க வழி உண்டு. குளம், ஓடை, வாய்க்கால் எல்லாம் இரண்டாவது வகை. அங்கே ஐம்பது வருட ரசீது இருந்தாலும் தாசில்தார் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் பேச வைத்தார்கள். நானும் போய் ஓரமாக நின்றேன். ஒருவர் ஊருக்கு மேற்கே கிடக்கிற நாலு ஏக்கரில் வீடில்லாத எல்லாருக்கும் மனை என்றார். அடுத்தவர், 'பேரூராட்சி கடனில் மூழ்கிக் கிடக்குது, அங்கே வணிக வளாகம் கட்டி வாடகைக்கு விட்டால் அஞ்சு வருசத்தில் கடன் அடையும்' என்றார். மூன்றாமவர், அந்த இடத்தை ஏலம் போட்டு விற்றுக் கடனையும் அடைத்து ரோடும் போடுவோம் என்றார். கைதட்டு மூவருக்கும் ஒரே அளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்த நாலு ஏக்கரின் புல எண்ணுக்கு, அதாவது சர்வே நம்பருக்கு, எந்த நிலம் எந்த வகை என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கிற அ பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வகைப்பாடு என்ற இடத்தில் ஒரே வார்த்தை: ஓடை.

மழைக்காலம் தவிர மற்ற நாளில் அதில் தண்ணீர் இருக்காது என்பது உண்மை. கருவேலம் மண்டிக் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பார்க்கிறவனுக்குச் சும்மா கிடக்கிற இடமாகத்தான் தெரியும். நம் மாவட்டத்தில் இந்த மயக்கம் புதிதல்ல. தாமிரபரணி அணைக்கட்டுகளில் பிரிகிற கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எல்லாம் குளம் குளமாக நிறைத்துக்கொண்டு வருகிறவை. ஒரு குளம் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிற வழிதான் ஓடை. திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் கட்டியது என்பது ஊருக்கே தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றதையும் பார்த்தோம். அதற்குப் பிறகும் ஓடையில் மனை போட்டுத் தருகிறேன் என்று மேடையில் ஒருவர் சொல்ல முடிகிறது, நாமும் தட்டுகிறோம்.

இன்னொன்று, பட்டா கொடுப்பது கவுன்சிலர் வேலையே இல்லை. அது வருவாய்த் துறை வேலை. மன்றத்தால் முடிந்தது, இந்த இடம் எங்களுக்குத் தேவையில்லை, ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் போட்டு அனுப்புவது. அதன் பிறகு வகைப்பாட்டை மாற்றுவதெல்லாம் ஆட்சியர், அரசு என்று மேலே போகும். விற்பதும் அப்படித்தான். 'எங்க ஊர் இடத்தை நாங்க விக்கக் கூடாதா' என்று கேட்கலாம். ஊர் பேரூராட்சிக்குச் சொந்தமான சொத்து வேறு, ஊர் எல்லைக்குள் இருக்கிற அரசுப் புறம்போக்கு வேறு. தணிக்கையில் நான் அதிகமாக எழுதிய ஆட்சேபணையே இதுதான். அசையாச் சொத்துப் பதிவேட்டைக் கேட்டால் பாதி ஊரில் பக்கம் காலியாக இருக்கும், மீதிப் பாதியில் அடுத்தவன் இடத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

சரி, கடனுக்கு வருவோம். 'ஊர் கடனில் மூழ்குது' என்று மைக்கில் சொல்வது சுலபம். எந்தக் கடன், யாரிடம், எதற்கு வாங்கியது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சின்ன ஊர்களில் பெரிய கடன் பெரும்பாலும் குடிநீர்த் திட்டத்துக்கோ, பஸ் ஸ்டாண்ட், கடை வளாகத்துக்கோ வாங்கியதாக இருக்கும். அரசு நிறுவனங்களிடம் வாங்கிய இந்தக் கடனுக்குத் தவணை கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. மாநில நிதிக்குழு மானியம் வரும்போதே தவணையைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும் வழக்கம் உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, கிராமம், நகரம் என்று பிரிக்கிறார்கள். அதில்தான் இந்தப் பிடித்தம். ஆகையால் கடன் இருக்கிற ஊரில் அது சாக்கடை அள்ளாமலும் தெருவிளக்கு எரியாமலும்தான் கண்ணுக்குத் தெரியும்.

நான் பார்த்த ஒரு பேரூராட்சியில் கடன் வாங்கி இரண்டு மாடி வணிக வளாகம் கட்டினார்கள். கீழே எல்லாக் கடையும் ஏலம் போயிற்று. மாடிக்கு ஆளே வரவில்லை. நாங்கள் அளக்கப் போனபோது மேலே புறா முட்டையிட்டிருந்தது. கீழ்க்கடைகளின் கதை அதைவிட மோசம். ஏலம் எடுத்தவர் ஒருவர், உள்ளே வியாபாரம் பார்ப்பவர் வேறொருவர். பேரூராட்சிக்கு வருகிற வாடகையைப் போல மூன்று மடங்கை உள்வாடகையாக எடுத்தவர் வாங்கிக்கொண்டிருந்தார், பேரூராட்சிக்குக் கட்ட வேண்டியதையும் பாக்கி வைத்து. வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று காட்டுகிற கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அந்த ஊரில் நிலுவையைக் கூட்டிப் பார்த்தேன். கடைவாடகை, காலிமனை வரி, சில பெரிய கட்டடங்களின் சொத்துவரி இவை மட்டும் வசூலானால் மூன்று வருடத் தவணை தீர்ந்துவிடும். 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்குக்கூட 25 சதவீதம் ஏறியது. அந்தச் சின்ன வீட்டுக்காரர்தான் முதலில் வந்து வரிசையில் நின்று கட்டுவார். பாக்கிக்காரர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. என்னைக் கேட்டால், இடத்தை விற்கிற பேச்சை எடுக்கிற வேட்பாளரிடம் இந்த நிலுவைப் பட்டியலை முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

வீடு விஷயத்தில் ஆச்சியின் அவசரம் நியாயமானது. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் ஒன்றிய அரசு தருகிற ஒன்றரை லட்சம் ஆனாலும், கிராம ஊராட்சிகளில் 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தின் மூன்றரை லட்சம் ஆனாலும், சொந்த மனை இருந்தால்தான் வீடு. மனை இல்லாதவருக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடி கொடுக்கலாமே என்பார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். பீடி சுற்றுகிற பெண்ணுக்குக் கடையில் போய் இலையும் தூளும் வாங்கி, சுற்றிய கட்டை ஒப்படைத்து வருகிற தூரம் முக்கியம். எட்டுக் கிலோமீட்டர் தள்ளி மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தால் கூலியில் பாதி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும்.

மேடையில் மூவருமே தொடாத இடம் ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் 10 சதவீதத்தைப் பொது இடமாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அது போக, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கென்று சின்ன மனைகளையும் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். 2019இல் வந்த கட்டட விதிகளிலேயே இருக்கிறது. நம் ஊரைச் சுற்றி நான்குவழிச் சாலை ஓரமெல்லாம் எத்தனை மனைப்பிரிவு! வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்தில் போய்ப் பார்த்தால் கம்பிவேலி போட்டு யாரோ வாழை வைத்திருப்பார்கள். நலிந்தவருக்கான மனையை யாருக்கு விற்றார்கள் என்று எந்த மன்றத்திலும் ஓர் உறுப்பினர் கேட்டு நான் தீர்மானப் புத்தகத்தில் படித்ததில்லை.

ஆச்சியிடம் இத்தனையும் சொல்லவில்லை. அவர் வீடு இருக்கிற இடத்தின் புல எண்ணை மட்டும் கேட்டேன். ரசீதிலேயே இருந்தது. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து என் பேத்தி போனில் எடுத்துக் காட்டினாள். ஆச்சி இருந்தது ஓடையில் இல்லை. அதற்கு அடுத்த எண், களம் புறம்போக்கு. நெல் அடித்த களம். இப்போது அங்கே யாரும் கதிர் அடிப்பதில்லை.

"அப்பம் கிடைக்குமா தம்பி?"

"மனு குடுத்துப் பாக்கலாம் ஆச்சி. ஓடைன்னா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

சாயங்காலம் அந்தப் பையன் நோட்டீஸோடு எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தான். ஆச்சி அவனை நிறுத்தி, நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கத்தில் புல எண்ணை எழுதச் சொன்னார். அவன் எழுதினான். "உட்பிரிவையும் போடுய்யா" என்றார்.