தனிமை எலும்புக்குள் இறங்கும் வழி

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உம்மாவுக்கு வயது 66. வாப்பா மவுத்தாகி நான்கு வருடமாகிறது. தம்பி துபாயில். அக்கா, தங்கை நாங்கள் எல்லோரும் பிள்ளைகளோடு உம்மா வீட்டில்தான் இருக்கிறோம். ஆனாலும் உம்மாவுக்கு அடிக்கடி சளி, சரியான தூக்கமில்லை, பிரஷர் ஏறுகிறது. டாக்டர் 'தனிமைதான்' என்கிறார். வீடு நிறைய ஆள் இருக்கும்போது என்ன தனிமை? தனிமையால் சளி பிடிக்குமா?"

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தனிமைக்கும் தலை எண்ணிக்கைக்கும் நேர்க்கணக்கு கிடையாது. தெர்மாகோல் தெப்பத்தில் ஒற்றை ஆளாக நண்டு வலை போடப் போகிறவர், கரைக்கு வந்ததும் ஏலம் நடக்கிற இடத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அவருக்குத் தனிமை இல்லை. நமக்கு வேண்டிய உறவும் கிடைக்கிற உறவும் ஒத்துப்போகாதபோது வருகிற வலி அது. பிழைப்புக்காக வெளிநாடு போன சபுராளிகளின் வீடுகளில் இது சகஜம். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், ராத்திரி வீடியோ காலும் வரும். "சாப்பிட்டீங்களா உம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்புறம், காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காது மந்தமானவர்கள், சுற்றி எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று புரியாமல் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே விலகிவிடுகிறார்கள். முதியவர்களின் தனிமைக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவச் சமூகத்தார் இருக்கிறார்கள். சொத்து பொது, சாப்பாடு ஒரே கூடத்தில், தனித்து வாழ்கிற ஆளே அபூர்வம். அவர்களில் 95 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டித் தூக்கத்தைக் கவனித்தார்கள். முடிவுகள் 2011 இல் வெளியாயின. தனிமை உணர்வு கூடுதலாக இருந்தவர்களின் தூக்கம் இரவில் துண்டு துண்டாக உடைந்தது. மொத்தம் தூங்கிய நேரம் குறையவில்லை. "நன்றாகத்தான் தூங்கினேன்" என்றே அவர்களும் நினைத்தார்கள்.

சரி, சளிக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 1997 இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 276 பேருடைய மூக்கில் சளி வைரஸைச் சொட்டு மருந்துபோல விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். மூன்று வகை அல்லது அதற்கும் குறைவான உறவுகளோடு வாழ்ந்தவர்களுக்கு, ஆறு வகையோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளி பிடிக்கும் வாய்ப்பு இருந்தது. துணை, பிள்ளைகள், அக்கம்பக்கம், வேலையிடம், தொழுகையிடம் எல்லாம் வெவ்வேறு வகை. அந்த ஆய்வு அளந்தது உறவுகளின் வகைகளை. தனிமை உணர்வை அல்ல. உணர்வு எப்படி ரத்தத்தில் இறங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை.

மன அழுத்தம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், கார்ட்டிசால் சுரக்கும் என்பது பள்ளிப் பாடம். அதைத் தாண்டிப் போவோம். நம் இடுப்பெலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றுக்குள் இருக்கும் மஜ்ஜையில் தினமும் பல்லாயிரம் கோடி ரத்த அணுக்கள் பிறக்கின்றன. மஜ்ஜைக்குள் ரத்தக் குழாய் மட்டும் போவதில்லை. குழாயை ஒட்டியே, ஆபத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்பின் மெல்லிய இழைகளும் உள்ளே இறங்குகின்றன. ஆபத்து என்று மூளை முடிவுகட்டினால், இந்த இழைகளின் நுனி, அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்எபிநெஃப்ரினைக் கசியவிடுகிறது. அது படும் இடத்தில், எந்த அணு எவ்வளவு பிறக்க வேண்டும் என்ற விகிதமே மாறிவிடுகிறது. மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் கூடுதலாக, அதுவும் முழுதாக முதிராமலே ரத்தத்துக்குள் வருகின்றன. விசைப்படகு கிளம்புகிற அவசரத்தில் கடல் பழகாத பையன்களையும் ஏற்றி அனுப்புவது போல.

இந்த இளம் அணுக்கள் அழற்சியைத் தூண்டுவதில் கெட்டிக்காரர்கள். அழற்சியை அடக்குவதும் கார்ட்டிசாலின் வேலை; "போதும், நிறுத்து" என்று அது சொன்னாலும் சரியாகக் காதில் வாங்குவதில்லை. தமனியின் சுவருக்குள் நுழைந்து, கொழுப்பை விழுங்கி உப்பி, அங்கேயே தங்கி அடைப்புக்கு அடித்தளம் போடுகிறவையும் மோனோசைட்டுகள்தான்.

2007 இல் உளவியலாளர் ஜான் கசியோப்போவும் மரபணு ஆய்வாளர் ஸ்டீவ் கோலும் இன்னும் சிலரும் சேர்ந்து, தனிமையில் உழன்றவர்கள், உழலாதவர்கள் என 14 பேரின் வெள்ளையணுக்களை ஒப்பிட்டார்கள். 209 மரபணுக்களின் செயல்பாட்டில் வேறுபாடு தெரிந்தது. தனிமையில் இருந்தவர்களிடம் அழற்சி மரபணுக்கள் உரக்கப் பேசின; வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. வைரஸ் காவல் தளர்ந்தால் சளிக்கு வழி விட்டது மாதிரிதான்.

ஏன் இப்படி ஒரு விசித்திரமான ஏற்பாடு? கோல் சொல்லும் விளக்கம் இது. கூட்டத்தோடு வாழும் விலங்குக்குப் பெரிய அபாயம், பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொற்றும் வைரஸ். கூட்டத்தை விட்டுப் பிரிந்த விலங்குக்கோ கடி, காயம், புண்ணில் ஏறும் பாக்டீரியா. எனவே தனித்துப்போனால் உடல் வைரஸ் காவலைக் குறைத்து, காயத்துக்கான படையை முன்னே நிறுத்துகிறது. ஊகம்தான், ஆனால் எவ்வளவு அழகான ஊகம்! கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் உம்மாவின் உடம்பு, வராத சிறுத்தைக்காகக் காத்திருக்கிறது.

நோயாளியானவர் வெளியே போக முடியாமல் தனிமைப்படுகிறாரா, தனிமையால் நோயாளி ஆகிறாரா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும்தான். இதே குழு சிகாகோவில் 141 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில், இன்றைய தனிமை அடுத்த ஆண்டின் மரபணுச் செயல்பாட்டையும், இன்றைய மரபணுச் செயல்பாடு அடுத்த ஆண்டின் தனிமையையும் முன்கூட்டியே காட்டின. கலிஃபோர்னியாவில் தனித்துப்போன ரீசஸ் குரங்குகளிடமும் நார்எபிநெஃப்ரினும் இளம் மோனோசைட்டும் கூடியிருந்தன. குரங்குகள் பொய் சொல்லாது, கேள்வித்தாளும் நிரப்பாது. அதனால்தான் அந்தச் சான்றுக்கு எடை அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2025 இல் சொன்ன மதிப்பீடு: ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை, அதோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000.

நம் கரையில் ஒருவர் பேசாமல், சாப்பிடாமல் முடங்கினால் "காத்துக்கருப்பு அடிச்சிருக்கு" என்பார்கள். தாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போகும்போது நாலு பேர் கூட வருகிறார்கள், வழியில் பேசுகிறார்கள். அதுவே ஓரளவு மருந்து. ஆனால் அந்த நம்பிக்கை சங்கிலி வரைக்கும் போனதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். குணமாக வேண்டும் என்று கொண்டுவரப்பட்டவர்களைக் கம்பத்தில் கட்டிப்போட்டதை வேறு எந்தப் பெயரால் சொல்ல?

ஆராய்ச்சிப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 14 பேரில் தொடங்கிய விஷயம் மஜ்ஜை வரை போனது, ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப் பணம் கிடைத்ததால்தான். நம் நாட்டில் 2017-18 இல் 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் அதிகமானோரிடம் முதுமை பற்றிய பெரிய ஆய்வு தொடங்கியது. ரத்தச் சொட்டும் சேகரித்தார்கள். இதை ஒரு சுற்றோடு நிறுத்தினால் புகைப்படம்தான் மிஞ்சும், கதை கிடைக்காது. அதைவிடச் செலவில்லாத யோசனையும் உண்டு. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்களே, அதே படியில் நின்று மூன்று கேள்வி கேட்கலாம்: துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக? மற்றவர்களிடமிருந்து விலகியிருப்பதாக? உலகம் முழுக்கப் பயன்படும் குறுங்கேள்விகள் இவை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிகிச்சையில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தனிமையைக் குறைக்கச் செய்யப்பட்ட முயற்சிகளை 2011 இல் ஒருசேர அலசியபோது, ஆட்களைக் கூட்டிவைப்பதைவிட, "இவர்களுக்கு நான் வேண்டாதவள்" என்று முகத்துக்கு முகம் தேடும் பழக்கத்தை மாற்றும் பயிற்சிதான் அதிகப் பலன் தந்தது. ஆபத்தைத் தேடும் மூளை, வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியின் கொட்டாவியைக்கூட அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பயிற்சியை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடம் கேட்கலாம். ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.