இண்டிகேட்டர் போடுவதற்கு முன் சார்ட்டின் பழைய டேட்டாவைச் சரிபாருங்கள்

டிரேடிங் சாஃப்ட்வேரை நிறுவியதும் பலரும் முதலில் செய்வது, சார்ட்டைத் திறந்து நாலைந்து இண்டிகேட்டர்களை (பழைய விலைகளிலிருந்து கணக்கிட்டு வரையப்படும் கோடுகள்) ஏற்றுவதுதான். அவை கணக்குப் போடும் பழைய விலைகள் முழுமையாக இருக்கின்றனவா, எந்த நேரக் கணக்கில் இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் குறைவு. டேட்டாவில் ஓட்டை இருந்தாலும் கோடு அழகாகத்தான் விழும். அதை நம்பிப் பணம் போடுகிறவருக்குத்தான் நஷ்டம்.

மெட்டாட்ரேடர் 4 என்ற டிரேடிங் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் சார்ட்ஸ் பக்கம். ஹிஸ்டரியில் எத்தனை பார் (ஒரு குறிப்பிட்ட கால அளவின் விலை நகர்வைக் காட்டும் குச்சி) சேமிக்கலாம், சார்ட்டில் எத்தனை பார் காட்டலாம் என்று இரண்டு எண்கள் அங்கே இருக்கும். சார்ட்டுக்கு வழக்கமாக 65,000 என்று வைத்திருப்பார்கள். தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் கரன்சி சந்தை வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 1,440 நிமிடம் நடக்கிறது. அப்படியானால் வாரத்துக்கு 7,200 ஒரு நிமிட பார்கள். 65,000 பார் என்பது வெறும் 9 வாரம். ஓராண்டுக்கே சுமார் 3,74,000 பார் வேண்டும். எண்ணை உயர்த்திவிட்டு சாஃப்ட்வேரை ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

எண்ணை உயர்த்தியதால் மட்டும் டேட்டா வந்துவிடாது. எஃப்2 அழுத்தினால் ஹிஸ்டரி சென்டர் திறக்கும்; வேண்டிய கரன்சி ஜோடியைத் தேர்ந்து டவுன்லோட் கொடுக்க வேண்டும். அப்போது வரும் டேட்டா சாஃப்ட்வேரைத் தயாரித்த மெட்டாகோட்ஸ் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவது, உங்கள் ப்ரோக்கருடையது அல்ல என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைப் படிக்காமல் ஓகே கொடுப்பவர்கள்தான் அதிகம். இரண்டு இடத்து டேட்டாவும் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில் விலையோ நேரமோ பொருந்தாமல் போகலாம்.

இன்னொரு சிக்கல், இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு டைம்ஃப்ரேமையும் (ஒரு பாரின் கால அளவு: 5 நிமிடம், ஒரு நாள் என்பதுபோல) தனிக் கோப்பில் வைப்பது. தினசரி சார்ட் பல ஆண்டுகளுக்கு நிறைந்திருக்கும். அதே ஜோடியின் 5 நிமிட சார்ட்டில் நடுவே இரண்டு வாரம் இருக்காது. விடுபட்ட இடம் வெற்றிடமாகவும் தெரியாது, அடுத்த பார் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கன்ட்ரோல்+ஒய் அழுத்தி நாள் பிரிப்புக் கோடுகளை வரவழைத்துத் தேதிகளைத் தொடர்ந்து பார்த்தால் அகப்படும். மெட்டாட்ரேடர் 5 ஒரு நிமிட பார்களை மட்டும் சேமித்து மற்ற டைம்ஃப்ரேம்களை அதிலிருந்தே கட்டுவதால், டைம்ஃப்ரேமுக்கு ஒரு கதை சொல்லும் இந்தத் தொல்லை அதில் இல்லை.

எவ்வளவு பழைய டேட்டா போதும்? 200 பார் எக்ஸ்போனென்ஷியல் மூவிங் ஆவரேஜுக்கு (புதிய விலைகளுக்கு அதிக எடை தரும் நகரும் சராசரி) 200 பார் போதும் என்று நினைப்பது தவறு. அந்தக் கணக்கு முதல் பாரின் விலையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. 200 பார் கடந்த பிறகும் அந்தத் தொடக்க விலையின் பங்கு சுமார் 13.5 சதவீதம் ஒட்டியிருக்கும். 600 பாரில் அது 0.25 சதவீதமாகிறது, 1,000 பாரில் மறைந்தேவிடுகிறது. ஒரே இண்டிகேட்டர் இரண்டு கணினியில் இரண்டு மதிப்பு காட்டுகிறது என்று குழம்புகிறவர்கள், முதலில் இரண்டிலும் சார்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்தது நேரம். கரன்சி சந்தையில் நாள் முடிவது நியூயார்க் மாலை 5 மணி. ப்ரோக்கரின் சர்வர் நேரம் குளிர்காலத்தில் ஜி.எம்.டி.+2, கோடையில் +3 என்று இருந்தால், அந்த 5 மணி சரியாக நள்ளிரவு 12-ல் விழும்; வாரத்துக்கு 5 தினசரி பார் கிடைக்கும். சர்வர் வெறும் ஜி.எம்.டி.யில் ஓடினால், குளிர்காலத்தில் ஞாயிறு இரவு 10 மணிக்குச் சந்தை திறந்து, இரண்டே மணி நேரத்துக்கு ஒரு குட்டி பார் உருவாகும். வாரத்துக்கு 6 பார். 20 நாள் ஆவரேஜ் என்று நீங்கள் நம்புவது 4 வாரத்துக்குப் பதில் சுமார் 3.3 வாரத்தைத்தான் அளக்கும். குட்டி பாரின் வீச்சு சிறியது என்பதால் ஏ.டி.ஆர். (ஒரு பாரில் விலை சராசரியாக எவ்வளவு நகர்கிறது என்ற அளவு) குறைந்து காட்டும், அதை வைத்து ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த ஆர்டரைத் தானாக முடிக்கும் விலை) போட்டால் தேவையை விட நெருக்கமாகப் போய் உட்காரும்.

பங்குகளில் பார்க்க வேண்டியது ஸ்ப்ளிட், அதாவது ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஆப்பிள் பங்கு 1-க்கு 4 என்று பிரிந்தது. சரிசெய்யாத டேட்டாவில் அன்று விலை முக்கால்வாசி சரிந்ததுபோல் தெரியும். பேக்டெஸ்ட் (பழைய டேட்டாவில் உத்தியைச் சோதிப்பது) அதை உண்மையான வீழ்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும். டிவிடெண்டுக்கும் சரிசெய்த டேட்டா என்றால், பழைய விலைகள் அன்று நிஜமாக வர்த்தகமான விலைகளாக இருக்காது. லாபம் கணக்கிட அது நல்லது, பழைய சப்போர்ட் விலையை (சரிவு நின்று விலை திரும்பிய இடம்) ரூபாய், டாலர் கணக்கில் தேட உதவாது.

"சார்ட்டில் விலை என் ஸ்டாப்பைத் தொடவேயில்லை, ஆனால் ஆர்டர் முடிந்துவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கரன்சி சார்ட் வரைவது பிட் விலையை (நீங்கள் விற்கும்போது கிடைக்கும் விலை) மட்டும் என்பதே. விற்ற ஆர்டர் முடிவது ஆஸ்க் விலையில், அதாவது திரும்ப வாங்கும்போது நீங்கள் கொடுக்கும் விலையில். யூரோ–டாலரில் ஸ்டாப் 1.1050, கேண்டிலின் (பாரின்) உச்சி 1.1046 என்று வையுங்கள். நாள் மாறும் நேரத்தில் ஸ்ப்ரெட் (பிட்டுக்கும் ஆஸ்குக்கும் உள்ள இடைவெளி) 5 பிப்பாக (0.0005) விரிந்தால் ஆஸ்க் 1.1051; ஸ்டாப் அடிபட்டுவிடும். எஃப்8 அழுத்தி, ஆஸ்க் கோட்டைக் காட்டும்படி டிக் செய்துவைத்தால் நடப்பு ஸ்ப்ரெட் கண்ணெதிரே இருக்கும். ஆனால் அது இந்த நொடியின் ஆஸ்க் மட்டுமே. பழைய கேண்டில்களுக்கு அது தெரியாது. விற்கும் ஆர்டரின் ஸ்டாப்பை வைக்கும்போது ஸ்ப்ரெட்டை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.