டூர் காசு கட்ட முடியாத பிள்ளையும் அந்த வகுப்புப் பிள்ளைதான்

விடியற்காலை நாலரை மணி. பாடசாலை வாசலில் பஸ் நிற்கிறது, பிள்ளைகள் பெயர் வாசிக்க வாசிக்க ஏறுகிறார்கள். தரம் நான்கில் படிக்கும் ஒரு பையன், கழுவிக் காயவைத்த சப்பாத்தோடு, பேப்பரில் சுற்றிய ரொட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறான். கடைசிவரை அவன் பெயரை வாசிக்கவில்லை. காசு பாதிதான் கட்டியிருந்தார்களாம். மீதியைப் பத்தாம் திகதி சம்பளத்தில் தருகிறேன் என்று அவன் அம்மா மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார், மிஸ்ஸும் சரி என்று தலையாட்டியிருந்தார், ஆனால் பட்டியல் எழுதியது மிஸ் இல்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகு அவன் மதகில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். என் மகளை ஏற்றிவிட வந்த நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல்தான், பாடசாலை, கோட்டக் கல்வி அலுவலகம், அதற்கு மேலே வலயக் கல்விப் பணிமனை என்று. அதில் தெரிந்துகொண்டதை, நம் தேயிலைத் தோட்டத்துப் பெற்றோருக்கு உதவும் என்று நினைத்ததை மட்டும் எழுதுகிறேன்.

பின்னணி ரொம்ப வேண்டாம். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன, 1970களில்தான் அரசு ஒவ்வொன்றாக எடுத்தது. அதனால் "எங்கள் பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது" என்று கேட்கும் பழக்கமே நமக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. தரம் 1 முதல் 5 வரை ஆரம்பப் பிரிவு. அதில் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்று ஒரு பாடமே இருக்கிறது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றும் கலந்துதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் ஏற்பாடு. ஆகவே வெளியே கூட்டிப் போய்க் காட்டுவதும் பாடம்தான். காசு உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசு மாதிரி அதை நடத்தக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பேசலாம்.

முதல் பொறி "விருப்பம்" என்ற சொல். கல்விச் சுற்றுலாவுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கேட்கிறார்கள். சம்மதம் கேட்பதே அது கட்டாயம் இல்லை என்பதால்தான். ஆனால் வட்ஸ்அப் குழுவில் வருவது வேறு மாதிரி இருக்கும். "எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும், காசு வெள்ளிக்கிழமைக்குள்." அப்புறம் கட்டியவர், கட்டாதவர் என்று பெயர்ப் பட்டியலைப் படம் பிடித்துப் போடுவார்கள். உங்கள் பெயர் அதில் கடைசியில் கிடந்தால் நீங்கள் கடன் வாங்கியாவது கட்டிவிடுவீர்கள், அவர்களுக்கும் அது தெரியும். போகாத பிள்ளைக்கு அன்றைக்குப் பாடசாலையில் என்ன ஏற்பாடு என்று நேரே கேளுங்கள். "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை யாரும் எழுதித் தருவதில்லை, ஆனால் அடுத்த நாள் பேச்சு கொஞ்சம் தன்மையாகிவிடும். போகாததற்காகப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, பெயர் சொல்லிக் கேலி பண்ணுவது எல்லாம் வேறு கணக்கு. அதற்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது பொறி திகதி. தோட்டச் சம்பளம் பத்தாம் திகதி. டூர் காசின் கடைசி நாளோ பெரும்பாலும் மாதக் கடைசி, கையில் ஒன்றும் மிஞ்சாத நேரம். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில், டூருக்குத் தலைக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பிள்ளைக்கு நாலைந்து நாள் கொழுந்து, அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்தால். கொழுந்து குறைந்து அரைப் பேர் போட்ட மாதம் என்றால் சொல்லவே வேண்டாம். இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள். காசு பத்தாம் திகதிக்குப் பிறகு, இரண்டு மூன்று தவணையில். அந்தச் சங்கத்தில் பெற்றோர் எல்லோரும் உறுப்பினர்கள், அதிபர் தலைவர். கூட்டத்துக்கு நாம் போவதில்லை, போனாலும் பின் வாங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம், முடிவு முன் வாங்கில் எடுக்கப்படுகிறது. கூட்டம் வேலை நாளில் காலையில் வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

மூன்றாவது, பற்றுச்சீட்டு. மிஸ் கையில் கொடுத்தேன், கொப்பியில் குறித்துக்கொண்டார் என்பது பற்றுச்சீட்டு ஆகாது. நான் மேலே சொன்ன பையனின் அம்மா கட்டியது ஆயிரத்து ஐநூறு. அதைத் திருப்பிக் கேட்கப் போனபோது "எங்களிடம் கணக்கு இல்லையே" என்றார்கள். சரி, கோட்டத்துக்குப் போனார். அங்கே "இது அதிபர் விஷயம், எழுதிக்கொண்டு வாங்க." எழுதிக்கொண்டு போன அன்றைக்கு ஐயா கூட்டத்தில். மூன்றாவது முறை வலயத்தில், "கோப்பு மேலே போயிருக்கிறது." ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் போனது. ஏழு வாரம் கழித்து ஆயிரத்து ஐநூறும் திரும்பி வந்தது, அதற்குள் அவர் இழந்த நாட்சம்பளம் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. பற்றுச்சீட்டு ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். சீட்டு தராவிட்டால் அங்கேயே, ஆள் முன்னாலேயே, வட்ஸ்அப்பில் மிஸ்ஸுக்கு "இன்று இவ்வளவு ரூபாய் கொடுத்தேன்" என்று செய்தி போட்டுவிடுங்கள். "ஓகே" என்று ஒரு பதில் வந்தால் அதுவும் சாட்சிதான்.

எங்கே முறையிடுவது என்பதிலும் ஒரு சிக்கல். தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள், அவற்றுக்குக் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏணி இருக்கிறது. பெயர்ப் பலகையில் தேசிய பாடசாலை என்று இருந்தால் அது நேரே பத்தரமுல்லையில் இருக்கும் கல்வி அமைச்சின் கீழ். இதைப் பார்க்காமல் போனால் "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று அரை நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு வாசலைத் தாண்டுவதற்குள் காற்றோடு போய்விடும். இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றில் "கிடைக்கப்பெற்றது" என்று முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம், நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழும் நிர்வாக மொழியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேசச் செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. "சிங்களத்தில் கொண்டு வாங்க" என்று கிளார்க் சொன்னால், அதைச் சொன்னவரின் பெயரையும் பதவியையும் மட்டும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சம்மதக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கடிதங்களில் இடம் இருக்கும், பஸ் இலக்கம் இருக்காது, திரும்பி வரும் நேரம் இருக்காது. கடைசி வரியில் மட்டும் "எந்த விபத்துக்கும் பாடசாலை பொறுப்பல்ல" என்று தெளிவாக இருக்கும். அந்த வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கடமை ஆசிரியரிடமிருந்து கழன்று போய்விடாது, ஆனால் பிறகு அந்தத் தாளைக் காட்டித்தான் உங்கள் வாயை அடைப்பார்கள். அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்கு வீசிங் இருந்தால், பஸ்ஸில் வாந்தி வந்தால், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதே தாளில் எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம்.

அப்புறம் வலயத்தின் அனுமதி. சுற்றுலாவுக்குப் பாடசாலை முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். "அனுமதி வந்துவிட்டதா, பிரதியைப் பார்க்கலாமா" என்று கேட்பது அதிபரைச் சந்தேகப்படுவது ஆகாது, உங்கள் பிள்ளை ஏறப் போகிற பஸ் அது. "கேட்டிருக்கிறோம், வரும்" என்பது அனுமதி இல்லை.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதியது. வேனில் வந்த ஆறு பேரும் ஆட்டோ ஓட்டியவரும் இறந்தார்கள், மாணவர்கள் பலர் காயத்தோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த இறக்கம் நமக்குத் தெரியும், வெளியூர் ட்ரைவருக்குத் தெரியாது. ஆகவே கூட்டத்தில் மூன்று கேள்வி. எந்தப் பாதை? ட்ரைவர் மலைப் பாதையில் ஓடிப் பழகியவரா, முதல் நாள் இரவு தூங்குவாரா? பஸ்ஸின் காப்புறுதியும் தகுதிச் சான்றிதழும் யார் பார்த்தது? இரவு ஓட்டம் வேண்டாம் என்று பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அந்தத் திட்டத்தை மாற்றத்தான் வேண்டி வரும், ஒருவர் மட்டும் சொன்னால் அவர் "பிரச்சினைக்காரர்" ஆகிவிடுவார்.

ஏதாவது நடந்துவிட்டால் சுரக்ஷா மாணவர் காப்புறுதி இருக்கிறது. 2017இல் தொடங்கியது, இடையில் நின்றது, 2024இல் மறுபடி வந்தது. விண்ணப்பம் அதிபர் வழியாகத்தான் போக வேண்டும், அங்கேதான் தாமதமும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டயக்னோசிஸ் கார்ட் வாங்காமல் வர வேண்டாம். போட்டோ கொப்பி எடுக்காமல் மூலப் பிரதியை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

இனி வகுப்பறைச் செயற்பாடுகள். டூரைவிட இதுதான் சத்தமில்லாமல் காசைக் கறக்கிறது. இன்றைக்கு டிமை தாள் என்ற பெரிய தாள் இரண்டு, நாளைக்கு கலர் பேப்பரும் கம்மும், அடுத்த வாரம் சிறுவர் சந்தைக்கு மரக்கறி ஒரு கிலோ. கொண்டு வராத பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். கற்றல் பொருட்கள் வாங்கப் பாடசாலைக்குத் தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று வருகிறது, "குவாலிட்டி இன்புட்" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். ஆரம்பப் பிரிவுக்கு இந்த வருடம் அதில் என்ன வாங்கினீர்கள் என்று சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். தன் சம்பளத்தில் தாளும் கம்மும் வாங்கிவரும் டீச்சர்மாரை நானே பார்த்திருக்கிறேன், அவர்களிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், அவர்களும் அதே நிதிக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

தூரமாகப் போனால்தான் டூர் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை. அம்மா பறித்த கொழுந்து எப்படித் தூளாகிறது என்று பார்க்காமலே ஐந்தாம் தரம் முடிக்கும் பிள்ளைகள் நம் லயங்களில், இந்த வரிசை வீடுகளில், நிறைய. அதிபர் ஒரு கடிதம் எழுதித் தோட்ட மானேஜரான துரையிடம் அனுமதி வாங்கினால் ஃபெக்டரிக்கு நடந்தே போகலாம், வாட்டும் தட்டில் கையை வைத்துப் பார்க்கலாம். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கிய நிறுவனம். ஹக்கலைப் பூங்கா 1861இலிருந்து இருக்கிறது. கண்டிப் பக்கம் என்றால் பேராதனை, ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம். பதுளைப் பக்கப் பிள்ளைகளுக்குத் தெமோதரை ரயில் வளைவைவிட நல்ல கணக்குப் பாடம் எங்கே கிடைக்கும்? பாடசாலைக் குழுவுக்குக் குறைந்த கட்டணம் இருக்கிறதா என்று போகிற இடத்தில் முன்கூட்டியே கேட்டு, அதிபரின் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும். வாசலில் போய் நின்று கேட்டால் முழுக் கட்டணம்தான்.

இவ்வளவும் கேட்டும் பதில் இல்லை என்றால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவோமா மாட்டோமா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இங்கேயும் ஒரு பொறி: "டூரில் என்ன நடந்தது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே ஒரு பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"தரம் 4 கல்விச் சுற்றுலாவுக்கு வலயக் கல்விப் பணிமனை வழங்கிய அனுமதிக் கடிதத்தின் பிரதி, மாணவர்களிடம் பெற்ற மொத்தத் தொகை, பஸ்ஸுக்குச் செலுத்திய தொகையின் பற்றுச்சீட்டுப் பிரதி, பணம் சேகரிக்க அனுமதித்த சுற்றறிக்கையின் இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் தரவும்."

கீழே பெயர், விலாசம், திகதி. லயத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்றால் கடைக்கோ கோயிலுக்கோ வரும் விலாசத்தைக் கொடுங்கள், பதில் வந்தும் கைக்குக் கிடைக்காமல் போன கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.