குறிஞ்சி ஏன் 12 ஆண்டுகள் காத்திருக்கிறது?

மூணாறு மலைச்சரிவுகள் 2018-இல் நீலம் பூண்டதைப் பார்த்த வாசகர் ஒருவர், நீலக்குறிஞ்சி ஆண்டுதோறும் பூத்தால் அதற்கு என்ன நட்டம் என்று கேட்டிருந்தார். நட்டம் விதையில் இருக்கிறது.

பெரும்பாலும் முழங்காலளவே வளரும் இப்புதர்ச்செடி, வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை முற்றியதும் மடிகிறது. ஒரு சரிவிலுள்ள செடிகள் ஏறக்குறைய யாவும் ஒரே பருவத்தில் பூப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விதை தின்னும் உயிர்கள், கிடைக்கும் தீனிக்கு ஏற்பவே பெருகும். 11 ஆண்டுகள் கிடைக்காத விதையை நம்பி எந்த உயிரும் பெருக முடியாது. ஆகவே 12-ஆம் ஆண்டு விதை கொட்டும்போது, இருக்கும் வாய்கள் வயிறு புடைக்கத் தின்ற பின்னும் மண்ணில் மிச்சம் கிடக்கும். மூங்கிலுக்கு இவ்விளக்கத்தை அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1976-இல் விரிவாக முன்வைத்தார். குறிஞ்சிக்கும் இது பொருந்துகிறது. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, இந்தக் கடிகாரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் விதம். ஓராண்டு முந்திப் பூக்கும் செடிக்கு மகரந்தம் கொடுக்கத் துணைச்செடிகள் இல்லை. தப்பிக் காய்க்கும் சில விதைகளும் இரையாகிவிடும். அவசரப்பட்ட செடி வாரிசின்றிப் போவதால், தலைமுறைதோறும் காலம் தவறாதவையே எஞ்சுகின்றன.

எச்சிலில் நனைத்தால் படீரென வெடிக்கும் பட்டாசுக்காயைச் சிறுவயதில் பலரும் பார்த்திருப்போம். குறிஞ்சியும் அதே குடும்பம்தான். காய் இரண்டாகப் பிளக்கையில், ஒவ்வொரு விதைக்கும் அடியிலுள்ள சிறு கொக்கி அதை நெம்பித் தெறிக்க விடுகிறது.

தாய்ச்செடிகள் மடிந்தபின் அந்தச் சரிவின் குறிஞ்சி இனம் முழுவதும் மண்ணில் கிடக்கும் விதைகளே என்பதால், பூத்த பருவத்தில் கொத்துக்கொத்தாகப் பறிப்பது ஒரு தலைமுறையையே பறிப்பதாகும். அதைவிடப் பெரிய கேடு வாழிடத்துக்கு நேர்ந்தது. சோலைமரக் கன்றுகளைக் குளிர்கால உறைபனி கருக்கிவிடுவது, மலையுச்சிகள் புல்வெளியாகவே நிலைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவின் குளிர்ப்பகுதியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமோ அந்தப் பனியைத் தாங்கி வளர்ந்து, குறிஞ்சியின் வெயிலை மறைத்துவிட்டது. தேயிலைத் தோட்டங்கள் எடுத்துக்கொண்டது தனிக்கணக்கு. 2024-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியல் இதனை அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்தது. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நடுவதை, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அழிவு என்றே கருதுகிறேன்.

2018-இல் விழுந்த விதைகள் 2030-இல் பூக்கும் வரை ஒரே சரிவை இடைவிடாது கவனித்தால்தான், எத்தனை கன்றுகள் பிழைத்தன என்று எண்ண முடியும். பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டங்களுக்கே ஆய்வு நிதி ஒதுக்கும் வழக்கத்தால் அது நடப்பது கடினம்.